தேடுராணியின் கடைசி வீடியோ

ஒரே வீடியோவை மூன்று ஆப்பிலும் அப்படியே போடக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற முதல் தப்பு அதுதான். மெத்தைக் கடைக்காரர், பல் டாக்டர், மனை விற்கிறவர் என்று யார் எங்கள் ஆபீஸுக்கு வந்தாலும் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். பார்க்க மூன்றும் ஒன்று போலவே இருக்கும். நெட்டுக்குத்தான படம், வலது ஓரத்தில் ஒரு இதயம், கீழே இரண்டு வரி எழுத்து. ஆனால் மூன்றுக்கும் பசி வேறு.

நீங்கள் கேட்டது அது இல்லை, மேடம். தெரியும். என் மனைவியின் கடைசி வீடியோ மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருப்பது ஏன் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்ல நான் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பேசினால் கோர்வையாக வராது என்றேன். எழுதிக் கொடு என்றீர்கள்.

என் வேலை ஒப்பிடுவது. ஒரு வீடியோ எங்கே ஓடியது, எங்கே படுத்தது, எந்த இடத்தில் ஜனங்கள் நழுவினார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தும் அதைத்தான் பேசுவேன். என் மனைவி கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள். மூன்றுக்கும் பேர் வைத்தது அவள்தான்.

முதலாவதற்கு அவசரக்குடுக்கை என்று பேர். அங்கே வருகிறவனின் கட்டைவிரல் ஏற்கெனவே தள்ளிவிடத் தயாராக இருக்கும். எடுத்த எடுப்பில் அந்த விரலை நிறுத்த வேண்டும். அதனால் கதையின் நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி முன்னால் வைப்போம்.

இரண்டாவது செக்குமாடு. வீடியோ முடிந்ததும் தானாக மறுபடி தொடங்கும். முடிவையும் தொடக்கத்தையும் ஒட்டுத் தெரியாமல் சேர்த்துவிட்டால், பார்க்கிறவர்கள் தாங்கள் சுற்றுவது தெரியாமலே சுற்றுவார்கள்.

மூன்றாவதற்கு அவள் வைத்த பேர் சித்தி. "எங்க சித்தியேதான்டா இது. ஒரு விஷயத்த அவங்க காதுல போட்டா போதும், பொழுது சாயறதுக்குள்ள சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போயிடும்." அங்கே அவசரம் கிடையாது. சொந்தபந்தமும் பழைய சிநேகிதர்களும்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு முழுக்கதை வேண்டும்.

எங்கள் தொடர் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அவளுக்கு எதை எங்கே வைத்தோம் என்று ஞாபகம் இருக்காது. ஒருநாள் அவள் கண்ணாடியை எடுத்து ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, அவள் தேடுவதைப் படம் எடுத்தேன். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே பேசினாள். "கண்ணாடியத் தேடறதுக்கே இன்னொரு கண்ணாடி வேணும்போல. இந்த வீட்டுல பேய் இருக்குடா. அதுக்கு உன் பொருள் ஒண்ணுகூடப் புடிக்கல பாரு, என்னோடதுதான் வேணுமாம்." கடைசியில் நான் சிரித்ததும் திரும்பி, கையிலிருந்த தலையணையைக் கேமரா மேலேயே வீசினாள். மூன்று இடத்திலும் ஓடிற்று. மூன்று இடத்திலும் ஒருசேர ஓடுவது அபூர்வம்.

அடுத்து செருப்பு. அடுத்து சாவி, சீப்பு, சார்ஜர். ஜனங்கள் அவளுக்குத் தேடுராணி என்று பட்டம் கொடுத்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளுக்குச் சிறுவயதிலிருந்தே ஆஸ்துமா. கல்லூரியில் நாங்கள் பழக ஆரம்பித்ததே அதனால்தான். எங்கள் வகுப்பு மேல்மாடியில். படியேறி முடித்ததும் சில நாள் அவளுக்கு மூச்சு இழுக்கும், பேச வராது. அப்போது சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். இன்ஹேலரைக் கொடு என்று அர்த்தம். எங்கேயாவது தொலைத்துவிடுவாள் என்பதால் அதை நான்தான் சட்டைப்பையில் வைத்திருப்பேன். தட்டின சத்தம் கேட்டதும் கை தானாகப் பைக்குப் போகும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அலமாரியில் இன்னொன்று இருக்கும்.

ஒருநாள் தொடருக்காக அவள் கைப்பையையே ஒளித்து வைத்தேன். உள்ளே இன்ஹேலர் இருப்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு நிஜமாகவே மறந்துதான் போனேன். அவள் தேடினாள், புலம்பினாள், திடீரென்று பேச்சு நின்றது. மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். நான் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கொடுத்தேன். மூச்சு திரும்பியதும் என் தோளில் அடித்து, "போதும்டா, குடுன்னா குடுக்கணும்" என்றாள். போன் கட்டிலில் கிடந்தபடி அதையும் பதிவு செய்திருந்தது.

அதைப் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். யோசித்தாள். "என் மூஞ்சி அசிங்கமா இருக்குமேடா" என்றாள். பிறகு, போடு என்றாள்.

அதுவரை நாங்கள் போட்ட எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்த ஒன்றின் கிட்டே வராது. அவசரக்குடுக்கையில் அந்த இரண்டு தட்டை முன்னால் வைத்திருந்தேன். ஒரு விரலும் தள்ளவில்லை. தேடுராணி தட்டினால் போதும் என்று கீழே எழுதினார்கள். அவள் குரலை எடுத்துத் தங்கள் வீடியோவில் போட்டுக்கொண்டார்கள். மாமியாரிடம் கார் சாவி கேட்கிற மருமகன், எலும்பு கேட்கிற நாய், சம்பளம் கேட்கிற குமாஸ்தா. டக் டக். போதும்டா, குடு. வாய்தான் வேறு வேறு, குரல் அவளுடையது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடியோவிலும் கடைசியில் தட்ட வேண்டியதாயிற்று. அவளும் தட்டினாள். கேமராவைப் பார்த்துக் கண்ணை உருட்டி, மேசையில் டக் டக் என்று. கொஞ்ச நாள் ஓடியது. பிறகு சரிந்தது. நடிப்பு என்று எழுத ஆரம்பித்தார்கள். பழைய தேடுராணி செத்துட்டா என்று ஒருவன் எழுதினான். அவள் அதை எனக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

எங்கள் முதலாளி புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் தொடரைத்தான் மாதிரி காட்டுவார். "என்னப்பா, உங்க வீட்டு ராணி இறங்கிட்டாங்க போலிருக்கே. வேற யாரையாவது காட்டட்டுமா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. காப்பி குடித்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னதுதான்.

நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் தட்டையும் மற்ற தட்டுகளையும் பக்கம் பக்கமாக ஓடவிட்டேன். வெளிச்சம் ஒன்று, மேசை ஒன்று, கை ஒன்று. வித்தியாசம் கண்ணில்தான். நடிக்கிறபோது கேமராவைப் பார்த்தாள். முதல் தடவை கேமராவைப் பார்க்கவில்லை, கேமராவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தாள். ஜனங்கள் முட்டாள்கள் இல்லை, மேடம். கண் இமைக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அவளிடம் இதைச் சொன்னேன், வேலை விஷயமாக. அவள் அன்றைக்குக் கடையில் நடந்ததைச் சொன்னாள். கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு பெண் பக்கத்தில் வந்து தட்டிக்காட்டிச் சிரித்தாளாம். "எனக்கு மூச்சு முட்டினதுடா அது. அதப் பாத்துச் சிரிக்கிறாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சிட்டு வரேன்" என்றாள். பிறகு, "நிறுத்திக்கலாம். எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியற மாதிரி ஒரு வீடு இருந்தாப் போதும்" என்றாள்.

சரி என்றேன். கடைசியாக ஒன்றே ஒன்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நடிப்பாள்.

அன்று அவள் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு மாலையில் வந்தாள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாசலில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் காலையிலேயே படித்திருந்தேன். வீட்டுக்குள் வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை. "லிஃப்ட் இல்லன்னு ஒரு போன் போட்டுச் சொன்னா என்னடா, எருமை" என்றாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் டீக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் கைப்பையைத் திறந்தாள். அவள் அப்படித்தான். டீ கொதிக்கிற நேரத்தை வீணாக்கக் கூடாது.

கைப்பையில் இல்லை. அலமாரியைத் திறந்தாள். அங்கேயும் இல்லை. பையில் இருந்ததைக் காலையில் அவள் கிளம்பும் முன்பே எடுத்துவிட்டேன். அலமாரியில் இருந்ததையும் எடுத்துத்தான் ஆக வேண்டும், மேடம். இல்லாவிட்டால் அது தேடல் ஆகாது.

அன்று நடந்ததைப் பற்றி எல்லோரிடமும் நான் சொன்னது உங்களுக்குத் தெரியும். படம் எடுத்து முடித்துவிட்டுக் குப்பை போடக் கீழே இறங்கினேன், திரும்பி வந்தபோது விழுந்து கிடந்தாள், இன்ஹேலர் கையில் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் நம்பினார்கள். டாக்டர் என் தோளைத் தொட்டு, சில சமயம் மருந்துக்குக்கூட அடங்காது என்றார். அவருக்கு என்மேல் இரக்கம் வந்தது. இந்த வயசில் மனைவியை இழந்தவன் என்றால் எல்லோருக்கும் இரக்கம் வருகிறது. மேல்மாடியில் இருக்கிறவர் எனக்குப் பால் பாக்கெட் வாங்கித் தந்தார். நான் அழவில்லை. அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போன பிறகு வீடியோவைப் போட்டேன். அவளை நினைவுகூர என்று எழுதினேன். மூன்று இடத்துக்கும் மூன்று மாதிரி வெட்டினேன். பழக்கம்.

அவசரக்குடுக்கைக்கு இரண்டு தட்டு மட்டும். செக்குமாட்டுக்கு அவள் மேசைக்கடியில் தேடிவிட்டு எழுகிற இடத்தில் தொடங்கி, மறுபடி கீழே போகிற இடத்தில் முடித்தேன். கீழே போகிறாள், எழுகிறாள், தேடுகிறாள், கீழே போகிறாள். குனிவது போலவே இருக்கும். சித்திக்கு நீளமானது. அவள் கையை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வருகிற இடத்தில் வெட்டி, பழைய வீடியோவிலிருந்து தலையணை வீசிச் சிரிக்கிறதை ஒட்டினேன். மூச்சுச் சத்தம் கேட்காமல் இருக்க இசை போட்டேன். வாங்கப் போறார் மனுஷன் என்று எழுதினார்கள். அவள் என்னை அடிக்க வருவதாக நினைத்துக்கொண்டார்கள். பாவம், எத்தனை அன்பான ஜோடி என்று எழுதினார்கள்.

அப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது. பேய் பிசாசு என்று நான் சொல்லவில்லை, நான் படித்தவன். பஸ்ஸில் முன் சீட்டுப் பையன் போனில் டக் டக். முடிவெட்டுகிற கடையில் கண்ணாடிக்கு முன்னால் கண் மூடி உட்கார்ந்திருந்தேன், பக்கத்து நாற்காலியில் போதும்டா, குடு. கத்தரிக்கோல் நின்றது. முடிவெட்டுகிறவர், "என்ன தம்பி, கை சட்டைப்பைக்குள்ள போகுது, தலைய ஆட்டாதீங்க" என்றார். கை தானாகப் போயிருந்தது. பையில் ஒன்றும் இல்லை.

நேற்று நீங்கள் யோசனையில் பேனாவால் மேசையைத் தட்டினீர்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். முடிந்தால் அதைச் செய்யாதீர்கள்.

எனக்குச் சமைத்துப் போட ஆளில்லை என்று என் மாமியார் வந்து தங்கினார். மகளைப் பறிகொடுத்தவர், மருமகன் சாப்பிடுகிறானா என்று பார்க்க வந்தார். அவருக்கு அவளை விட்டால் வேறு பிள்ளை கிடையாது. பகலெல்லாம் சோபாவில் உட்கார்ந்து செக்குமாட்டில் மகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கேட்டார். "மாப்ள, இத எப்படி நிறுத்தறது? ஓடிக்கிட்டே இருக்கே."

"நிறுத்த முடியாது அத்தை. மூடித்தான் வைக்கணும்."

"மூட மனசு வரல. எந்திரிக்கிறாளே."

பிறகு சித்தியில் வந்ததை யாரோ சொந்தக்காரர் அவருக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் பிழைப்புக்காகச் செய்கிற வேலையை அவர் சும்மா உட்கார்ந்து செய்தார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு, மேடம். வெட்டும்போது முகத்தைத்தான் பார்ப்போம். முகம் எங்கே மாறுகிறது, கண் எங்கே போகிறது என்பதை வைத்துத்தான் வெட்டுவோம். பின்னால் இருக்கிற எதையும் நான் பார்க்கவில்லை. ஜனங்களும் பார்க்கவில்லை. அத்தை மகள் முகத்தை மனப்பாடமாகப் பார்த்து முடித்துவிட்டு, அதற்கப்புறம் வீட்டைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

மதியம் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பாத்திரத்த நான்தான் மாப்ள தேய்ச்சேன்."

"எந்தப் பாத்திரம்?"

"டீப் பாத்திரம். அவ போன மறுநாள். அடி கருகிக் கெடந்துச்சு. நீங்க குப்பை போடக் கீழ போன நேரத்துல கருகியிருக்கும்னு நெனச்சேன்." குழம்பை ஊற்றினார். "வீடியோல மொதல்ல ஆவி வருது. கொஞ்சத்துல நிக்குது. அப்புறம் புகை வருது. அவ உங்களைப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டு வரா. நீங்க நின்னு எடுத்துக்கிட்டே இருக்கீங்க."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அவளுக்குத்தான் ஒண்ணும் செய்யல. அடுப்பையாவது அணைச்சிருக்கலாமே மாப்ள."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. தட்டை எடுத்துக் கழுவி வைத்தார். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். லிஃப்ட் வேலை செய்தது. ஆனாலும் படியில்தான் இறங்கிப் போனார். அன்று அவர் நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அது நிஜம் என்று தெரியாமல் எடுத்தாயா, நடிக்கிறாள் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றால் எனக்கு நல்லது என்பது உங்கள் குரலிலேயே தெரிந்தது. நீங்கள் நல்லவர்.

அவள் முதலில் கைப்பையில் தேடினாள், அலமாரியில் தேடினாள், மேசைக்கடியில் தேடினாள். எழுந்தாள். மேசையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவசரக்குடுக்கைக்கு அது போதும். ஆனால் செக்குமாட்டுக்கு ஒரு முடிவு வேண்டும், சித்திக்கு முழுக்கதை வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நினைத்தேன். அவள் மறுபடி தட்டினாள். பிறகு அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. முகம் மாறியது. பயம் போய், கல்லூரி மாடியில் இருந்த முகம் வந்தது. என் சட்டைப்பையைப் பார்த்தாள். இன்ஹேலர் அங்கேதான் இருந்தது. அந்தத் தொடர் முழுவதிலும் அவள் தானாகக் கண்டுபிடித்த ஒரே பொருள் அதுதான்.

கையை நீட்டிக்கொண்டு வந்தாள். லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள் என்று நினைக்கிறேன். கிடைத்துவிட்டது என்று. கிட்டே வந்தால் முகம் ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். அதனால் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவள் வந்தாள். இன்னொரு அடி நகர்ந்தேன். முதுகில் சுவர் இடித்தது. அதற்கு மேல் நகர வேண்டியிருக்கவில்லை. அவள் கீழே போனாள். நான் முழுவதும் எடுத்தேன். எடுத்து முடித்த பிறகு இன்ஹேலரை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கினேன். குப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

இதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதுகிறேன். அது நிஜம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். நிஜம் என்பதால்தான் எடுத்தேன்.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள்மேல் எனக்குப் பிரியம். கல்லூரியிலிருந்து அந்த மருந்தைச் சுமந்தவன் நான்.

ஒரு சின்ன உதவி மட்டும் வேண்டும். செக்குமாட்டில் போட்டதில் ஒட்டுச் சரியாக விழவில்லை. கீழே போகிறபோது முடி முகத்தில் விழுந்திருக்கிறது, எழுகிறபோது காதுக்குப் பின்னால் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு குதிப்புத் தெரியும். அத்தை அதைத்தான் நாள் பூரா பார்த்துக்கொண்டிருக்கிறார். என் போன் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொஞ்ச நேரம் கொடுத்தீர்களானால் போதும், மேடம். அந்த ஒட்டை மட்டும் சரிசெய்துவிட்டால், அவள் விழுந்ததே யாருக்கும் தெரியாது.